மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடம் முதன்முதலாகப் போகிறவருக்கு

மொட்டைமாடியில் காலையில் உலர்த்திய வெள்ளை வேட்டியை மாலையில் எடுக்கப் போனால் அதில் கரும்புள்ளிகள் படிந்திருக்கின்றன. பத்து ஆண்டுகளாகக் குடித்துவந்த கிணற்றுத் தண்ணீர் திடீரென்று உப்புக் கரிக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்கு ஓடையில் நிறம் மாறிய நீர் போகிறது. இவற்றுள் ஏதேனும் ஒன்று நேர்ந்த பிறகுதான், தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் என்று ஓர் அமைப்பு இருப்பது நம்மில் பலருக்கு நினைவு வருகிறது. அங்கே எப்படிப் போவது, யாரைப் பார்ப்பது, எதைக் கேட்பது என்று தெரியாமல் முதன்முதலாக அந்த அலுவலகத்தின் படியேறுகிறவருக்காக இதை எழுதுகிறேன். வாரியம் ஓர் ஆலையின்மீது கொண்டிருக்கும் அதிகாரத்தின் பெரும்பகுதி, ஆலை இயங்க வாரியம் நிபந்தனைகளோடு தரும் 'இசைவாணை' என்ற சில பக்கத் தாளில் அடங்கியிருக்கிறது என்பதை மட்டும் தொடக்கத்திலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளைப் படிக்காமல் எழுதும் மனுவில் ஆதங்கம் இருக்கும், ஆனால் அதிகாரி பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது.

முதலில், இது வாரியத்தின் வேலைதானா?

நீர் மாசு தடுப்புச் சட்டம் 1974-இல் வந்தது. அதன்கீழ் தமிழ்நாட்டில் வாரியம் அமைந்தது 1982 பிப்ரவரி 27 அன்று. காற்று மாசு தடுப்புச் சட்டம் (1981), போபால் விபத்துக்குப் பின் வந்த சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் (1986), அதன்கீழ் வந்த மருத்துவக் கழிவு, அபாயகரக் கழிவு விதிகள் முதலியவற்றை நடைமுறைப்படுத்தும் பொறுப்பும் பிறகு அதனிடம் சேர்ந்தது. தலைமை அலுவலகம் சென்னை கிண்டியில் இருந்தாலும், நீங்கள் பார்க்க வேண்டியவர் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர். தொழிற்சாலை மிகுந்த மாவட்டங்களில் இவர் ஒருவராக இருப்பதில்லை. கோவையிலும் திருப்பூரிலும் வடக்கு, தெற்கு என்று இரண்டு அலுவலகங்கள் உண்டு. உங்கள் ஊர் எதில் வருகிறது என்பதைத் தொலைபேசியிலேயே கேட்டுக்கொண்டால் ஒரு நடை மிச்சம்.

எல்லா மாசும் இந்த அலுவலகத்தின் நேரடி வேலை அல்ல. திருமண மண்டபத்தின் ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையமே முதல் இடம். தெருமுனையில் குப்பை எரிந்தாலும் வீட்டுச் சாக்கடை குளத்தில் கலந்தாலும் ஊராட்சியோ நகராட்சியோதான் முதலில் பதில் சொல்ல வேண்டும். அவை கடமை தவறினால் கேட்கும் இடத்தில் வாரியம் இருக்கிறது. பேருந்துப் புகை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போகும். கல் வெட்டும் குத்தகை கனிமவளத் துறையினுடையது, ஆனால் அதே கல்லை உடைக்கும் கிரஷரின் தூசி வாரியத்தினுடையது. இந்தப் பாகுபாடு முதலில் எரிச்சலூட்டும். ஆனாலும் தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு 'உரிய துறைக்கு அனுப்பப்பட்டது' என்ற ஒற்றை வரியோடு மூன்று மாதம் கழித்துத் திரும்பும் அனுபவத்தோடு ஒப்பிட்டால் அது பெரிதல்ல.

பெரிய திட்டங்கள் தொடர்பாக ஒரு குழப்பம் பரவலாக உண்டு. சுற்றுச்சூழல் அனுமதி வழங்குவது ஒன்றிய அமைச்சகமோ மாநில அளவிலான மதிப்பீட்டு ஆணையமோதான், வாரியம் அல்ல. அந்த அனுமதிக்கு முன் நடக்கும் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தை, 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, குறைந்தது 30 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து ஏற்பாடு செய்வது வாரியத்தின் வேலை. தலைமை தாங்குவது மாவட்ட ஆட்சியர் அல்லது அவருடைய பிரதிநிதி. எனவே அந்த மேடையில் வாரிய அதிகாரியிடம் 'அனுமதி கொடுக்காதே' என்று முழங்குவதைவிட, உங்கள் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்துக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் ஏறச் செய்வதே பயன் தரும்.

இசைவாணையைக் கையில் வாங்குதல்

மாசு உண்டாக்கக்கூடிய ஒரு தொழிலைத் தொடங்குபவர் இரண்டு முறை வாரியத்தின் இசைவைப் பெற வேண்டும். கட்டடம் எழுப்புமுன் நிறுவுவதற்கான இசைவு, இயந்திரம் ஓடத் தொடங்குமுன் இயக்குவதற்கான இசைவு. நீர்ச் சட்டத்தின் 25-ஆம் பிரிவிலும் காற்றுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவிலும் இதற்கான விதி இருப்பதால், ஒரே ஆலைக்கு நீருக்கும் காற்றுக்குமாகத் தனித்தனி ஆணைகள் இருக்கும். தொழில்கள் அவற்றின் மாசுக் குறியீட்டு மதிப்பெண்ணை வைத்துச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று பிரிக்கப்பட்டுள்ளன. 2016-ஆம் ஆண்டு வகைப்பாட்டில் 60-உம் அதற்கு மேலும் பெற்றவை சிவப்பு, 20 வரை பெற்றவை வெள்ளை. 2025-இல் இந்த எல்லைகள் திருத்தப்பட்டு நீலம் என்ற ஒரு வகையும் சேர்ந்தது. வெள்ளை வகைக்கு இசைவு தேவையில்லை. உங்கள் பக்கத்து ஆலை எந்த நிறம் என்று தெரிந்துகொள்வது, அதனிடம் எவ்வளவு கண்டிப்பை எதிர்பார்க்கலாம் என்பதைக் காட்டும்.

இந்த ஆணைகளின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறலாம். மாவட்ட அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒரு பக்கத்தில் விண்ணப்பம் எழுதுங்கள். 'மேற்படி ஆலை ஏன் ஊரைக் கெடுக்கிறது' என்பது போன்ற கேள்விகளுக்கு அங்கே விடை கிடைக்காது. ஆவணங்களை மட்டும் கேளுங்கள். நடப்பில் உள்ள இயக்க இசைவாணைகளின் நகல், கடைசி இரண்டு ஆண்டு ஆய்வு அறிக்கைகள், ஆய்வக அறிக்கைகள், அனுப்பப்பட்ட அறிவிப்புகள் ஆகிய நான்கும் போதும். பதில் 30 நாளில் வர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

வந்து சேரும் ஆணை ஆங்கிலத்தில் இருக்கும். ஊருக்குள் கிடக்கும் ஆலையைப் பற்றிய தாள் ஊர்க்காரர் படிக்க முடியாத மொழியில் இருப்பது எனக்கு இன்றுவரை உடன்பாடில்லாத ஒன்று. ஆனால் அச்சப்பட வேண்டாம். நீங்கள் பார்க்க வேண்டியவை சில அட்டவணைகள் மட்டுமே, அவற்றில் சொற்களைவிட எண்களே மிகுதி. முதல் அட்டவணையில் என்ன பொருள், மாதத்துக்கு எவ்வளவு தயாரிக்கலாம் என்று இருக்கும். நீர் ஆணையில் வெளியேற்ற வாய்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாளைக்கு எத்தனை கிலோலிட்டர், அது போய்ச் சேர வேண்டிய இடம் எது என்று எழுதியிருக்கும். 'ஆலையின் சொந்த நிலத்தில் பாசனத்துக்கு' என்று அங்கே போட்டிருந்து, தண்ணீர் ஓடைக்குப் போகிறது என்றால், அந்தத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மீறல்தான். காற்று ஆணையில் புகைபோக்கிகளின் எண்ணிக்கை, தரையிலிருந்து அவற்றின் உயரம் எத்தனை மீட்டர், தூசியைப் பிடிக்க எந்தக் கருவி என்ற விவரம் இருக்கும். இவற்றுக்குப் பிறகு வரும் சிறப்பு நிபந்தனைகளை மட்டும் ஆங்கிலம் தெரிந்த ஒருவரை உட்கார வைத்து வரிவரியாகப் படியுங்கள். கடைசியாக, ஆணை எந்தத் தேதிவரை செல்லும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நிபந்தனைகளுக்கு எவ்வளவு எடை உண்டு என்பதற்குத் தூத்துக்குடி தாமிர ஆலையே சான்று. அதன் இயக்க இசைவைப் புதுப்பிக்க மறுத்து வாரியம் 2018 ஏப்ரல் 9 அன்று பிறப்பித்த ஆணையில் இருந்தவை பெரும் கொள்கை முழக்கங்கள் அல்ல. சுற்றுப்புற ஆழ்துளைக் கிணறுகளின் நிலத்தடி நீர் ஆய்வறிக்கை தரப்படவில்லை, உப்பாற்றின் ஓரம் கொட்டிய தாமிரக் கசடு அகற்றப்படவில்லை, அபாயகரக் கழிவுக்கான அங்கீகாரம் இல்லை என்பன போன்ற நிபந்தனை மீறல்களே அதில் அடுக்கப்பட்டிருந்தன. உயிர்ப்பலி, அரசாணை, பசுமைத் தீர்ப்பாயம், உயர் நீதிமன்றம் என்று வழக்கு நீண்டு, 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் ஆலையின் மனுவைத் தள்ளுபடி செய்தபோதும், அந்த மீறல்களின் பட்டியல் நிலைத்து நின்றது.

குறிப்பேடு

ஆணை வரும்வரை காத்திருக்கும் ஒரு மாதத்தில் ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கித் தேதி, நேரம், காற்றடித்த திசை, கண்டது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று எழுதிவாருங்கள். இடமும் நேரமும் பதிவாகும் கைப்பேசிப் படம் உடனிருக்கட்டும்.

எங்கள் தெருவுக்கு மேற்கே ஒரு புழுங்கலரிசி ஆலை இருந்தது. உமி எரித்த சாம்பல் மாடிகளில் படிந்தது, நெல் ஊறிய தண்ணீரின் புளித்த வாடை மாலையில் எழுந்தது. முதல் மனுவில் 'கடும் மாசினால் முதியோரும் குழந்தைகளும் சொல்லொணாத் துன்பத்துக்கு ஆளாகிறார்கள்' என்று எழுதி நாற்பது பேர் கையெழுத்திட்டோம். ஆய்வுக்கு வந்தவர் பகல் பதினொரு மணிக்கு வந்தார். அப்போது கொதிகலன் நிறுத்தப்பட்டிருந்தது. 'ஆய்வின்போது புகை காணப்படவில்லை' என்று அறிக்கை போயிற்று. அவர்மீது குறை சொல்ல முடியாது, காணாததைக் கண்டதாக அவர் எழுதவும் முடியாது. அடுத்த ஆறு வாரம் நோட்டில் எழுதிப் பார்த்தபோதுதான், செவ்வாயும் வெள்ளியும் இரவு ஒன்பதுக்கு மேல்தான் சாம்பல் வருகிறது என்பது எங்களுக்கே விளங்கிற்று. அந்த ஆறு வாரக் குறிப்புக்குப் பிறகு எழுதிய மனுவில் இரண்டே கையெழுத்துகள்தான் இருந்தன.

நீர் விஷயத்தில் சில எல்லை அளவுகளைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. ஓடை, ஆறு போன்றவற்றில் விடப்படும் சுத்திகரித்த கழிவுநீரின் அமில காரத்தன்மை 5.5-க்கும் 9-க்கும் இடையே இருக்க வேண்டும்; மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மில்லிகிராமையும், உயிரியல் ஆக்சிஜன் தேவை (நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) 30 மில்லிகிராமையும், வேதியியல் ஆக்சிஜன் தேவை (அதை வேதிப்பொருளால் சிதைக்க ஆகும் ஆக்சிஜன்) 250 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது; கரைந்த உப்புக்குத் தமிழ்நாட்டில் 2100 மில்லிகிராம் என்ற எல்லை வைக்கப்படுகிறது. கரைந்த உப்பை அளக்க, கடையில் கிடைக்கும் சிறு டிடிஎஸ் மீட்டரை ஓடையில் நனைத்துப் பார்த்து, ஆலைக்கு மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று குறித்தால் ஒரு துப்புக் கிடைக்கும். அதைச் சான்று என்று நம்பிவிட வேண்டாம், அது அதிகாரியை எந்த இடத்துக்கு அழைத்துப் போவது என்று காட்டும் விரல் மட்டுமே. சாயப்பட்டறைகளின் நிலை வேறு. நொய்யல் வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரைத் துளிகூட வெளியே விடாத 'ஜீரோ டிஸ்சார்ஜ்' முறையே அங்கே நிபந்தனையாக இருக்கிறது. ஆகவே அங்கே தண்ணீரின் தரத்தைப் பற்றி வாதாட வேண்டியதில்லை, குழாய் ஒன்று வெளியே வந்திருப்பதைக் காட்டினால் போதும்.

மனு

மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஆலையின் பெயர், முழு முகவரி, தெரிந்தால் சர்வே எண், இசைவாணையின் எண்ணும் தேதியும் மேலே இருக்கட்டும். அதற்குக் கீழே எழுதும் பத்தி ஏறத்தாழ இப்படி அமையலாம்:

'மேற்படி ஆலைக்கு வழங்கப்பட்ட காற்றுச் சட்ட இசைவாணையின் சிறப்பு நிபந்தனை 7-இல், உமிச் சாம்பலை நீர் தெளித்து மூடிய கொட்டகையில் வைக்க வேண்டும் என்று உள்ளது. இணைப்பிலுள்ள குறிப்பின்படி 11 நாட்களில், இரவு 9 மணி முதல் 1 மணி வரை, சாம்பல் திறந்த வெளியில் கொட்டப்பட்டதையும் கிழக்கே உள்ள வீடுகளில் படிந்ததையும் பதிவு செய்துள்ளோம். அந்த நேரத்தில் ஆய்வு செய்யுமாறும், ஆய்வின்போது மனுதாரர் உடனிருக்க அனுமதிக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்.'

இதில் நிபந்தனை எண், நாள் எண்ணிக்கை, நேரம், கோரிக்கை எல்லாம் நான்கு வரிக்குள் வந்துவிட்டன. நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையேல் விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 'முதல்வரின் முகவரி' குறைதீர்ப்புச் சேவையின் 1100 தொலைபேசி எண்ணிலும், திங்கள்கிழமை ஆட்சியரகக் குறைதீர்க்கும் நாளிலும் இதே மனுவைப் பதியலாம். பயிர் பாதிக்கப்பட்டிருந்தால் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தை விட்டுவிடாதீர்கள். அங்கே வாரிய அதிகாரி ஆட்சியர் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டியிருப்பதால் கோப்பு சற்று வேகமாக நகரும்.

ஆய்வு நாள்

ஆய்வுக்கு வருகிறவர் பெரும்பாலும் உதவிப் பொறியாளர். ஆலைக்குள் நுழையவும், கருவிகளைச் சோதிக்கவும், பதிவேடுகளைப் பார்க்கவும், மாதிரி எடுக்கவும் அவருக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டு. உங்களுக்கு ஆலைக்குள் நுழையும் உரிமை இல்லை. வெளியே ஓடையிலோ வயலிலோ நின்று இடத்தைக் காட்டலாம். அங்கே வாக்குவாதம் எழுந்தால் அது அறிக்கையில் 'இருதரப்புத் தகராறு' என்று திரிந்துவிடும் ஆபத்து உண்டு, ஆகவே குறைவாகப் பேசுங்கள்.

மாதிரி எடுப்பதை மட்டும் கூர்ந்து கவனியுங்கள். நீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு இதற்கு ஒரு முறையை விதித்திருக்கிறது. மாதிரியைப் பகுப்பாய்வுக்கு அனுப்பப்போவதாக ஆலைப் பொறுப்பாளருக்கு அங்கேயே அறிவிப்புக் கொடுத்து, அவர் முன்னிலையில் நீரை இரண்டு பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனிக் கலனில் அடைத்து, குறியிட்டு, முத்திரை வைத்து, எடுத்தவரும் பொறுப்பாளரும் கையெழுத்திட வேண்டும். ஒரு கலன் உடனே வாரிய ஆய்வகத்துக்குப் போகும். பொறுப்பாளர் கேட்டால் மற்றொன்று சட்டப்படி அமைந்த வேறோர் ஆய்வகத்துக்குப் போகும். இந்த ஒழுங்கில் ஒன்று விட்டுப்போனாலும், பின்னர் வழக்கில் அந்த முடிவைச் சான்றாகக் கொள்ள முடியாமல் போகலாம். நீங்கள் தண்ணீர் பாட்டிலில் பிடித்து வைத்திருக்கும் கறுப்பு நீரை அதிகாரி ஏன் வாங்க மறுக்கிறார் என்பது இப்போது புரிந்திருக்கும். அவர் அலட்சியமாக மறுக்கவில்லை. ஆனால் அவர் எடுக்கும் மாதிரி, நீங்கள் காட்டிய வாயிலிருந்து எடுக்கப்பட்டதா, அல்லது சுத்திகரிப்பு நிலையத்தின் கடைசித் தொட்டியிலிருந்து மட்டும் எடுக்கப்பட்டதா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாம் அதில் இருக்கிறது.

முடிவு மறுநாளே வராது. உயிரியல் ஆக்சிஜன் தேவைச் சோதனைக்கு மட்டுமே 27 பாகை வெப்பத்தில் மூன்று நாள் வைத்திருக்க வேண்டும். மூன்று வாரம் பொறுத்து அறிக்கையைக் கேட்டு ஒரு விண்ணப்பம் போடுங்கள்.

அதன் பிறகு வாரியம் என்ன செய்யும்

மீறல் தெரிந்தால் முதலில் விளக்கம் கேட்டு அறிவிப்புப் போகும், பொறுப்பாளர் நேரில் அழைக்கப்படுவார், குறைகளைச் சரிசெய்யக் காலக்கெடு தரப்படும். இது நீளும், எனக்குத் தெரிந்தவரை, மனுதாரர்களில் பாதிப் பேர் இந்தக் கட்டத்தில்தான் களைத்து விலகுகிறார்கள். அடுத்த நிலையில் மூடல் உத்தரவு. ஆலையை மூடவும், மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டிக்கவும் வாரியமே நேரடியாக ஆணையிடும் அதிகாரம் முதலில் இருக்கவில்லை; காற்றுச் சட்டத்தில் 1987 திருத்தத்தாலும் (31அ), நீர்ச் சட்டத்தில் 1988 திருத்தத்தாலும் (33அ) அது வந்தது. மின்வாரியத்துக்குப் போகும் அந்த ஒரு பக்கக் கடிதமே இன்றுவரை வாரியத்திடம் உள்ள கூர்மையான ஆயுதம் என்பது என் கருத்து. காற்றுச் சட்ட மீறலுக்குச் சிறைத் தண்டனை என்றிருந்தது, 2024 ஏப்ரல் முதல் பத்தாயிரம் ரூபாய் முதல் பதினைந்து லட்சம் வரையிலான அபராதமாக மாறிவிட்டது. பெரிய ஆலைக்கு அந்தத் தொகை உறைக்கும் என்று தோன்றவில்லை, மின்வெட்டு உறைக்கும்.

இதற்கு அப்பால் சுற்றுச்சூழல் இழப்பீடு என்று ஒன்று உண்டு. வேலூர்த் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த 'மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும்' என்ற கோட்பாட்டின் வழியில் வந்தது இது. வாரியங்கள் இத்தகைய இழப்பீட்டை விதிக்கலாம் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இதைக் கணக்கிடும் மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் வாய்பாட்டில் ஆலையின் மாசுக் குறியீடு, அளவு, இருப்பிடம் ஆகியவற்றோடு மீறல் நடந்த நாட்களின் எண்ணிக்கையும் பெருக்கப்படுகிறது. உங்கள் நோட்டில் தேதிகள் சரியாக இருக்க வேண்டும் என்று மேலே வலியுறுத்தியதற்கு இது இன்னொரு காரணம்.

கோப்பு அசையவே இல்லையென்றால், மனுவின்மீது எடுத்த நடவடிக்கையையும் கோப்பின் குறிப்புப் பக்கங்களையும் கேட்டு இன்னொரு தகவல் விண்ணப்பம் போடுங்கள். அதன் நகலோடு மண்டல அலுவலகத்தின் இணைத் தலைமைச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுதுங்கள். அதற்கும் பலனில்லை எனில் சென்னையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் மேலும் 60 நாள் பொறுப்பார்கள். இழப்பீடு கேட்பதற்கு ஐந்து ஆண்டு. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய். ஆறு மாதக் கணக்கைத் தவறவிட்டு வருந்தியவர்கள் பலர். எனவே வாரியத்துக்கு முதல் மனு கொடுக்கும் அன்றே, இந்தத் தேதியையும் நாட்காட்டியில் வட்டமிட்டுவிடுங்கள்.

மூடப்பட்ட ஆலை மீண்டும் திறக்கும்போது, எந்த நிபந்தனையின்பேரில் மின் இணைப்புத் திரும்பியது என்ற ஆணையின் நகலையும் கேட்டு வாங்குங்கள். அதில் பெரும்பாலும் பழைய ஆணையில் இல்லாத புதிய வரிகள் இருக்கும். இசைவாணை காலாவதியாவதற்கு மூன்று மாதம் முன்னதாக, உங்கள் குறிப்பேட்டின் நகலுடன் ஒரு கடிதம் மாவட்ட அலுவலகத்தில் இருக்கட்டும், புதுப்பிக்கும் கோப்போடு அது சேரும். எங்கள் தெரு அரிசி ஆலைக்குப் புதுப்பித்த ஆணையில் சாம்பல் கொட்டகைக்கு மூன்று பக்கச் சுவரும், சாம்பல் லாரிக்குத் தார்ப்பாயும் கூடுதல் நிபந்தனைகளாகச் சேர்ந்தன. அந்த ஆணை முடியும் தேதியை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.